கரை சேர்ந்த நீர்மூழ்கிக் கப்பலைக் காத்தல்

மும்பையில் திலக் நகர் நிலையத்திலிருந்து ஹார்பர் பாதையில் தெற்கு நோக்கிச் செல்லும் மின்சார ரயில் ரே ரோடு, டாக்யார்டு ரோடு என்னும் இரு நிலையங்களை அடுத்தடுத்துக் கடக்கின்றது. ரே ரோடுக்குக் கிழக்கே கடலோரமாக உள்ளது தாருகானா. பழங்கப்பல்களை உடைத்து இரும்பாக விற்கும் தொழிலுக்கு அது நெடுங்காலமாகப் பெயர் பெற்ற இடம். டாக்யார்டு ரோடுக்கு அருகே மஜகான் கப்பல் கட்டுந்துறை இருக்கின்றது. இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் நீர்மூழ்கிக் கப்பலான ‘ஷல்கி’ அங்கு உருவாகி, 1992 பிப்ரவரி 7-ஆம் நாள் கடற்படைப் பணியில் சேர்ந்தது. ஒரு கப்பலின் பிறப்பிடமும் இறப்பிடமும் இவ்வாறு ஒரு நிலைய தூரத்தில் அமைந்துள்ளன.

பிறப்புக்கும் இறப்புக்கும் இடையே மற்றொரு விதியும் சில கப்பல்களுக்கு வாய்க்கின்றது. பணி முடித்த கப்பலை உடைக்காமல், மக்கள் கண்டு அறியும் பொருட்டுக் காட்சியகமாக வைத்துப் பேணுவதே அது. கேட்பதற்கு இது எளிய காரியமாகத் தோன்றும். இயந்திரங்களை நிறுத்தி, வர்ணம் பூசி, வாயிலில் சீட்டு விற்றால் போதும் என்று பலர் எண்ணுவர். கப்பலைக் காக்கும் வேலை திறப்பு விழா நாளில் முடிவதில்லை என்பதும், உண்மையில் அன்றுதான் அது தொடங்குகின்றது என்பதும் அனுபவம் கற்பித்த பாடம். இப்பாடத்தின் விஞ்ஞான அடிப்படையை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

குர்சுராவின் வரலாறு

நம் நாட்டில் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு விசாகப்பட்டினத்தில் உள்ள ‘குர்சுரா’ என்னும் நீர்மூழ்கிக் கப்பலாகும். சோவியத் நாட்டில் கட்டப்பட்ட இக்கப்பல் 1969 டிசம்பர் 18-ஆம் நாள் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டுப் போரில் இது காவற்பணி புரிந்தது. 31 ஆண்டுகள் உழைத்தபின் 2001 பிப்ரவரி 27-ஆம் நாள் ஓய்வு பெற்றது.

இதன் நீளம் 91.3 மீட்டர், அகலம் 7.5 மீட்டர். கடலின் மேற்பரப்பில் மிதக்கும்போது இதன் எடை 1,950 டன். மூழ்கிய நிலையில், தொட்டிகளில் ஏறும் நீரையும் சேர்த்து, 2,475 டன். உள்ளே ஏழு அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. முன்புறத்தில் ஆறும் பின்புறத்தில் நான்குமாகப் பத்து டார்பிடோக் குழாய்கள் உண்டு. மேலே செல்லும்போது மூன்று டீசல் இயந்திரங்களும், மூழ்கிச் செல்லும்போது மின்கலங்களால் இயங்கும் மூன்று மின் மோட்டார்களும் கப்பலைச் செலுத்தின. 8 அதிகாரிகளும் 67 மாலுமிகளும் இந்தக் குறுகிய உருளைக்குள் பல வாரங்கள் சேர்ந்தாற்போல் வாழ்ந்தனர்.

ஓய்வு பெற்றபின் இக்கப்பலை ராமகிருஷ்ணா கடற்கரையில் மணல்மீது ஏற்றி நிறுத்தத் தீர்மானிக்கப்பட்டது. கடலிலிருந்து அதன் இறுதி இடம் வரையுள்ள தூரம் 600 மீட்டர்தான். அந்த 600 மீட்டரைக் கடந்து கப்பலை நிலைநிறுத்தும் திட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ரூபாய் செலவாயிற்று. 2002 ஆகஸ்டு 9-ஆம் நாள் காட்சியகம் திறந்து வைக்கப்பட்டு, அதே மாதம் 24-ஆம் நாள் முதல் பொதுமக்கள் அனுமதிக்கப்பட்டனர். முதல் நான்கு மாதங்களில் 93,000 பேர் வந்து பார்த்தனர்.

நீரிலா, நிலத்திலா?

பழங்கப்பலைக் காக்க விரும்புவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அதை நீரில் மிதக்க விடுவதா, நிலத்தில் ஏற்றுவதா என்பதே. இரண்டிலும் நன்மை உண்டு. இரண்டிலும் இடர் உண்டு.

நீரில் மிதக்கும் கப்பலின் எடையை நீர் தன் முழுப் பரப்பாலும் சீராகத் தாங்குகின்றது. கப்பல் கட்டப்பட்டதும் அந்நிலைக்காகவே. ஆனால் நீருக்கடியில் உள்ள பகுதியைக் கண்ணால் காண இயலாது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உலர்துறைக்கு இழுத்துச் சென்று அடிப்பாகத்தைச் சோதித்துச் செப்பனிட வேண்டும். அமெரிக்காவின் ‘நாட்டிலஸ்’ உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல். 1986 முதல் மிதக்கும் காட்சியகமாக இருந்து வருகின்றது. அதை 2021-இல் உலர்துறைக்குக் கொண்டு சென்று புதுப்பித்து 2022-இல் மீண்டும் திறப்பதற்கு ஏறத்தாழ 3 கோடி 60 லட்சம் டாலர் செலவாயிற்று.

நிலத்தில் ஏற்றிவிட்டால் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். எனினும் புதிய சிக்கல்கள் எழுகின்றன. நீர் சீராகத் தாங்கிய 1,950 டன் எடையை இப்போது சில தாங்குமேடைகள் மட்டுமே சுமக்க வேண்டும். அவை கப்பலின் உட்சட்டங்களுக்கு நேர்கீழே அமையாவிடில் தகடுகள் நசுங்கும். மணலில் ஒரு தாங்கி சற்றே அமிழ்ந்தாலும் அதன் பங்கு எடை அடுத்த தாங்கியின்மேல் விழும்.

வெப்பத்தால் உலோகம் நீள்வதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எஃகு ஒரு டிகிரி சென்டிகிரேடு வெப்பம் ஏறினால் ஒவ்வொரு மீட்டருக்கும் 0.012 மில்லிமீட்டர் நீளுகின்றது. இது மிகச் சிறிய அளவே. ஆயினும் 91.3 மீட்டர் நீளமுள்ள கப்பல் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் நீளும். இருமுனைகளையும் அசையாதவாறு இறுக்கிவிட்டால் இந்நீட்சி தாங்கிகளையோ தகடுகளையோ பிளக்க முற்படும். ஆகையால் தாங்கிகள் சிலவேனும் நழுவி இடங்கொடுக்கும் வகையில் அமைவது நன்று.

துரு பிடிக்கும் விதம்

கப்பலின் தலையாய பகைவன் துருவே. இரும்பு, நீர், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் துரு தோன்றுகின்றது. இரும்பின் ஒரு பகுதி மின்னணுக்களை இழந்து கரைகின்றது. அருகிலுள்ள மற்றொரு பகுதியில் பிராணவாயு அவற்றை ஏற்றுக்கொள்கின்றது. இவ்விரு பகுதிகளுக்கும் இடையே ஈரப்படலம் மின்சாரத்தைக் கடத்துகின்றது. அந்த ஈரத்தில் உப்புக் கரைந்திருந்தால் மின்சாரம் எளிதிற் பாய்கின்றது, துருவும் விரைகின்றது.

காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவிகிதத்தைத் தாண்டும்போது சாதாரண இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். கடலுப்பு படிந்த இரும்புக்கு அத்தனை ஈரம்கூடத் தேவையில்லை. உப்பு தானே காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வீட்டுச் சமையலறையில் உப்பு கசிவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடற்கரையில் நிற்கும் கப்பலின்மேல் அலைத்திவலையிலிருந்து எழும் உப்பு நாள்தோறும் படிந்த வண்ணம் இருக்கின்றது.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். கடலில் இயங்கும் கப்பலின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது வழக்கம். துத்தநாகம் இரும்பைக் காட்டிலும் எளிதில் கரையக்கூடியது. தான் கரைந்து இரும்பைக் காக்கின்றது. ஆனால் துத்தநாகத்தையும் இரும்பையும் கடல்நீர் ஒருசேரச் சூழ்ந்திருந்தால்தான் இந்த மின்சுற்று நிறைவு பெறும். கப்பல் கரையேறிய அன்றே அக்காவல் நின்றுவிடுகின்றது. அதன்பின் கப்பலைக் காப்பது வர்ணப்பூச்சு ஒன்றே. பூச்சில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும், அதன் அடியில் துரு பரவத் தொடங்கும். துரு தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைக்குமாதலின், பூச்சை உள்ளிருந்து தூக்கிப் பிளந்து மேலும் வழி செய்துகொள்ளும்.

இரு தோல்களுக்கு இடையே

குர்சுரா வகைக் கப்பலுக்கு இரண்டு தோல்கள் உண்டு. ஆழ்கடலின் அழுத்தத்தைத் தாங்குவது உள்ளிருக்கும் தடித்த உருளை. அதைச் சூழ்ந்து, நீரில் வழுக்கிச் செல்லும் வடிவைத் தருவது வெளியிலுள்ள மெல்லிய கூடு. இரண்டுக்கும் இடையே நீர் ஏற்றும் தொட்டிகளும் குழாய்களும் நெருங்கிக் கிடக்கின்றன. ஆள் நுழைய இயலாத இடுக்குகள் பல உள்ளன. அங்கே மழைநீரும் உப்பும் மணலும் தேங்குகின்றன. வெயிலும் காற்றும் எட்டுவதில்லை. வெளியே பளபளப்பான கறுப்பு வர்ணத்துடன் காட்சியளிக்கும் தகடு, மறுபுறத்தில் பாதியளவு தின்னப்பட்டிருக்கக் கூடும்.

இதனைக் கண்டறியக் காதுக்கு எட்டாத நுண்ணொலி பயன்படுகின்றது. தகட்டின்மேல் சிறு கருவியை வைத்து ஒலித்துடிப்பை உட்செலுத்தினால், அது மறுபக்கத்தில் மோதித் திரும்புகின்றது. எஃகில் இவ்வொலி வினாடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் வேகத்தில் செல்லும். 10 மில்லிமீட்டர் தகட்டில் போய்வர ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 3.4 பங்கு நேரமே ஆகும். தகடு 6 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தால் நேரம் அதற்கேற்பக் குறையும். கப்பலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் தடிப்பையும் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் அளந்து பதிவேட்டில் குறித்து வந்தால், எத்தகடு எத்தனை ஆண்டுகளில் ஓட்டையாகும் என்பதை முன்கூட்டியே மதிப்பிடலாம். வியாதி முற்றியபின் வைத்தியம் தேடுவதைவிட இது செலவு குறைந்த வழியாகும்.

குர்சுராவே இதற்குச் சான்று. கரையேறிய சில ஆண்டுகளுக்குள், 2007-இல், அதன் இடப்பக்கத்தில் அரித்துப்போன தகடுகளை வெட்டியெடுத்துப் புதிய எஃகுத் தகடுகளைப் பற்றவைக்க வேண்டி வந்தது. நிலத்தில் ஏற்றிவிட்டதாலேயே அபாயம் நீங்கிவிடவில்லை.

பழைய வர்ணத்தின்மேல் புதுவர்ணம் பூசுவது துருவை மூடிவைப்பதேயாகும். துருவை முற்றும் அகற்றி, உப்பு நீங்க நன்னீரால் கழுவி, உலர்ந்த உடனேயே துத்தநாகத்தூள் கலந்த முதற்பூச்சு, அதன்மேல் ஈரம் புகாத எபாக்சிப் பூச்சு, இறுதியில் வெயிலைத் தாங்கும் மேற்பூச்சு என மூன்றடுக்காகப் பூச வேண்டும். நீர் வடியும் துளைகளை அடைப்பின்றிக் காப்பதும் பூச்சுக்கு நிகரான முக்கியத்துவம் உடையது.

உள்ளிருக்கும் அபாயங்கள்

பொதுமக்களை உள்ளே விடுவதற்கு முன் செய்யவேண்டிய துப்புரவு வேலை பெரிது. இவ்வகைக் கப்பலில் 448 காரீய மின்கலங்கள் இருந்தன. அவற்றில் கந்தகத் திராவகம் உண்டு. மின்னேற்றும்போது வெடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் எழும். அக்காலக் கப்பல்களில் வெப்பம் தடுக்கக் கல்நார் பயன்படுத்துவது வழக்கம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. எரியெண்ணெய்த் தொட்டிகளில் எஞ்சிய ஆவி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். மூடிய தொட்டிகளில் துருவே பிராணவாயுவை உண்டு தீர்த்துவிடுவதால், சோதிக்காமல் உள்ளிறங்கும் தொழிலாளி மயங்கி உயிரிழக்கவும் நேரும். இவை யாவும் உரிய முறையில் நீக்கப்பட்ட பின்னரே காட்சிக்கு வழி திறக்கலாம்.

மாலுமிகள் செங்குத்தான ஏணியில் இறங்கி, வட்டத் துளைகளின் வழியே குனிந்து சென்றனர். குழந்தைகளும் முதியோரும் அவ்வாறு செல்ல இயலாது. ஆகவே பார்வையாளர் ஒரு முனையில் ஏறி மறு முனையில் இறங்குமாறு படிகளும் வாயில்களும் வேண்டும். ஒவ்வொரு வாயிலுக்காகவும் மூலக்கப்பலின் ஒரு துண்டை வெட்டி இழக்க நேரிடுகின்றது. எதை மாற்றினோம், எப்போது மாற்றினோம், முன்பு அது எவ்வாறு இருந்தது என்பதைப் படத்துடன் பதிந்து வைப்பது காப்பாளரின் கடமை. பதிவு இல்லாத பழுதுபார்ப்பு, வரலாற்றைச் சிறிது சிறிதாக அழித்துவிடும்.

பார்வையாளர்களே மற்றொரு ஈரத்தின் ஊற்றாவர். மனிதன் சுவாசத்தாலும் வியர்வையாலும் மணிக்கு ஏறத்தாழ 50 கிராம் நீரை ஆவியாக வெளியிடுகின்றான். நாளொன்றுக்கு 600 பேர் அரைமணி நேரம் வீதம் உள்ளே தங்கினால், அன்று மட்டும் 15 லிட்டர் நீர் அந்த உருளைக்குள் சேர்ந்துவிடும். இரவில் இரும்பு குளிர்ந்ததும் அந்நீர் துளிகளாகப் படியும். காற்றை வெளியேற்றும் விசிறிகளும், ஈரம் உறிஞ்சும் கருவிகளும் காட்சியகம் மூடிய பின்னும் இயங்க வேண்டுவது இதனாலேயே.

பிற நாடுகள் கற்ற பாடங்கள்

இங்கிலாந்தின் முதல் நீர்மூழ்கிக் கப்பலான ‘ஹாலண்டு 1’ 1913-இல் கடலில் மூழ்கி, 1982-இல் மேலே தூக்கப்பட்டது. துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சுப் பூசித் திறந்தவெளியில் காட்சிக்கு வைத்தனர். சில ஆண்டுகளில் பூச்சின் அடியிலிருந்து துரு மீண்டும் வெடித்துக் கிளம்பிற்று. ஏழு பதிற்றாண்டுகளாக இரும்பின் நுண்துளைகளில் ஊறியிருந்த குளோரைடு உப்பே காரணம் என அறியப்பட்டது. 1990-களில் கப்பலைச் சுற்றி ஒரு பெருந்தொட்டி கட்டி, சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா, கரைந்த நீரில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முழுக்கி வைத்து உப்பை வெளிக்கொணர்ந்தனர். இப்போது அது ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட கட்டடத்துக்குள் இருக்கின்றது.

அதே ஊரான காஸ்போர்ட்டில் ‘அலயன்ஸ்’ என்னும் கப்பல் 1981 முதல் கடல்நீருக்கு மேலே தாங்கிகளில் நின்றது. அடியில் நீர் இருந்தமையால் பழுதுபார்க்க ஆட்கள் அணுகுவது கடினமாயிற்று. இடுக்குகளில் புறாக்கள் கூடு கட்டின. இறுதியில் கப்பலின் அடியில் நிலம் நிரப்பி, ஏறத்தாழ 70 லட்சம் பவுன் செலவில் புதுப்பித்து 2014-இல் மீண்டும் திறந்தனர். பழுதுபார்ப்பவன் எளிதில் அணுகக்கூடிய கப்பலே நெடுநாள் நிலைக்கும் என்பது இதனால் விளங்கும். சிகாகோவில் உள்ள ஜெர்மானிய நீர்மூழ்கி ‘யு-505’ ஐம்பது ஆண்டுகள் பனியிலும் மழையிலும் நின்றபின், 2004-இல் நிலத்தடிக் கூடத்துக்குள் மாற்றப்பட்டது. கூரையைவிடச் சிறந்த பூச்சு இல்லை.

காக்கப்படாதவை

வெற்றியை மட்டும் சொல்வது பாடத்தை நிறைவு செய்யாது. 1961 முதல் 1997 வரை பணியாற்றிய விமானந்தாங்கிக் கப்பல் ‘விக்ராந்த்’ 1971-ஆம் ஆண்டுப் போரில் பெரும்பங்கு கொண்டது. அதை மும்பையில் 2001 முதல் மிதக்கும் காட்சியகமாக வைத்தனர். 213 மீட்டர் நீளமுள்ள அக்கப்பலைச் செப்பனிட்டு நிலையான இடத்தில் நிறுத்துவதற்கு வேண்டிய பொருளும் பொறுப்பும் ஒன்று கூடவில்லை. பாதுகாப்புக் கருதி 2012-இல் காட்சி மூடப்பட்டது. 2014 ஜனவரியில் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அவ்வாண்டு நவம்பரில் தாருகானாவில் அதை உடைக்கத் தொடங்கினர்.

தமிழ்நாட்டுக்கும் இவ்வகையில் ஒரு கனவு இருந்தது. குர்சுராவின் இனத்தைச் சேர்ந்த ‘வாக்லி’ நீர்மூழ்கிக் கப்பல் 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றபின், அதை மாமல்லபுரத்தில் காட்சியகமாக்கத் திட்டமிடப்பட்டது. கப்பல் சென்னைத் துறைமுகம் வரை வந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே காத்துக் கிடந்தது. திட்டம் நிறைவேறவில்லை.

இம்மூன்றையும் ஒப்பிட்டால் காரணங்கள் புலப்படும். குர்சுரா அளவில் சிறியது, நிலத்தில் உள்ளது, மக்கள் மாலைதோறும் கூடும் கடற்கரையில் நிற்கின்றது. ஒரு கட்டத்தில் அதன் ஆண்டு வருமானம் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாயாகவும், பராமரிப்புச் செலவு ஏறத்தாழ 80 லட்சமாகவும் இருந்தது. அதாவது வருவாயில் நூற்றுக்கு எண்பது பங்கு கப்பலுக்கே திரும்பிச் சென்றது. ஓய்வு பெற்ற கடற்படையினரே அங்கு வழிகாட்டிகளாக இருந்து, ஒவ்வொரு வால்வின் பயனையும் எடுத்துரைக்கின்றனர். இயங்கும் கப்பல்களுக்கே உரிய கொடியலங்கார மரியாதையைக் கடற்படை இன்றும் அதற்கு அளிக்கின்றது. பொறுப்பேற்ற நிறுவனம், குன்றாத வருமானம், அறிந்த கைகள் ஆகிய மூன்றும் இருந்தமையால் அக்கப்பல் நிலைத்தது. எனினும் அதற்கும் கவலை தீர்ந்தபாடில்லை. அது நிற்கும் கடற்கரையையே அலைகள் அரித்து வருகின்றன. கடலரிப்பைத் தடுப்பதும் கப்பலைக் காக்கும் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது.

முன்கூட்டியே செய்யவேண்டியவை

மஜகானில் ஜெர்மானிய ஒத்துழைப்புடன் உருவான ஷல்கி முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதே துறையில் பிரெஞ்சு அமைப்பில் கட்டப்பட்ட புதிய ஆறு நீர்மூழ்கிகளில் முதலாவதான ‘கல்வரி’ 2017-இலும், ஆறாவதான ‘வாக்ஷீர்’ 2025-இலும் பணியேற்றன. இவற்றுள் எதை வருங்காலத் தலைமுறைக்குக் காத்து வைப்பது என்னும் கேள்வி ஒருநாள் எழத்தான் செய்யும். அக்கேள்வியைக் கப்பல் ஓய்வு பெற்றபின் கேட்பது காலங்கடந்த செயலாகும். துறைமுகத்தில் கேட்பாரற்று நிற்கும் ஒவ்வோர் ஆண்டும் துருவுக்கே ஆதாயம்.

ஆகவே, காக்க விரும்பும் கப்பலுக்கு நிற்கும் இடம், பொறுப்பேற்கும் நிறுவனம், முதற்செலவு மட்டுமன்றி ஆண்டுச் செலவுக்கும் தனியே ஒதுக்கிய நிதி ஆகியவற்றை முன்னரே உறுதி செய்ய வேண்டும். கட்டுமானப் படங்களையும் தகடுகளின் தொடக்கத் தடிப்பையும் பத்திரப்படுத்த வேண்டும். அதைக் கட்டிய தொழிலாளரும் அதில் பணிபுரிந்த மாலுமிகளும் உயிருடன் இருக்கும்போதே அவர்கள் அறிவை எழுதி வாங்க வேண்டும். இவற்றைச் செய்ய இயலாதெனில், கப்பலின் ஒரு பகுதியையேனும் கூரையின்கீழ் ஒழுங்காகக் காப்பது, முழுக்கப்பலையும் வெயிலில் விட்டு இழப்பதைக் காட்டிலும் மேலானது. மஜகானின் தொழிலாளர்கள் தம் கையால் கட்டிய முதல் நீர்மூழ்கியை அவர்களுடைய பேரக் குழந்தைகள் தொட்டுப் பார்ப்பார்களா என்பது இன்று செய்யும் ஏற்பாட்டைப் பொறுத்தது.